யானைக்குச் சொன்ன ஸலாம்

கொங்காவெல,
மாத்தளை.
திங்கட்கிழமை, அஸர் நேரம்.

என் கண்ணான மகள் றுஸைனாவுக்கு,

உன் உம்மா ஸரீனாவின் ஸலாம் உனக்கும் மருமகனுக்கும் பிள்ளைக்கும் உண்டாகட்டும். நாங்கள் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மிச்சக் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். அதனால் அதை எழுதவில்லை. பயந்துவிடாதே, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், கை கால் முழுசாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கையில் போன் இருக்கும்போது உம்மாவுக்கு ஏன் இந்தக் கடித வேலை என்று நினைப்பாய். நீ போன் எடுத்தால் வாப்பா ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் அந்தப் போன் இருப்பதும் அவருடைய சட்டைப் பையில்தான். வாப்பாவும் உம்மாவும் எப்போதும் சேர்ந்தே பேசுகிறார்கள், என்ன ஒரு ஒற்றுமை என்று நீ உன் மாமியாரிடம் பெருமை பேசியதாகச் சொன்னாய். அது ஒற்றுமை இல்லை, மகள். நான் பக்கத்தில் இருந்து நீ சொல்வதைத் திருப்பிச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

உன் வாப்பாவுக்குக் காது கேட்பதில்லை. வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். அந்தக் காதை வைத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை மறுபடியும் வேனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக நிற்கிறார். அதற்கு முதல் நீ அவரோடு பேச வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான். பக்கத்து வீட்டு நுஸ்லா வியாழக்கிழமை டோஹாவுக்கு வருகிறாள். அவளுடைய பெட்டியில் மிளகுப் பொட்டலத்துக்கு அடியில் இது வரும். வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அவர் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருக்கிறார். எழுத்து நடுவில் நின்றால் கேற் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வெள்ளிக்கிழமை அவர் உன்னிடம் யானைக் கதை சொன்னார். லக்கலப் பக்கம் வேன் நின்றதாம், யானை வந்ததாம், மனுசன் போய் ஸலாம் சொன்னாராம், யானை மரியாதையாகத் திரும்பிப் போனதாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். இப்போது கொங்காவெல முழுக்க அந்தக் கதைதான். பள்ளி வாசலில், பேக்கரியில், சலூனில் எல்லாம், யானைக்கு ஸலாம் சொன்ன மில் மீராசாஹிப் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவரும் அதை ஒரு பட்டம் மாதிரிச் சுமந்துகொண்டு திரிகிறார். நான் மட்டும் ஒவ்வொரு தடவை அந்தக் கதையைக் கேட்கும்போதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. முப்பத்தாறு வருஷம் அந்த அரைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்ற மனுசன். மில்லுக்காரர் வீட்டில் யார்தான் மெதுவாகப் பேசினோம்? நீயும்தான் பள்ளிக்கூடத்தில் கத்திப் பேசுகிறாய் என்று டீச்சரிடம் குட்டு வாங்கி வந்தாய். மெசின் ஓடும்போது ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். வாய் அசைவதைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வார். அந்தப் பழக்கம்தான் இத்தனை நாளும் எல்லாவற்றையும் மூடி வைத்தது. நான் சொல்வதைக் கேட்க மாட்டார், கேட்க மாட்டார் என்று வருஷக்கணக்கில் சண்டை பிடித்தேன். அதில் எத்தனை தடவை வேண்டுமென்றே கேட்காமல் இருந்தார், எத்தனை தடவை கேட்கவே இல்லை என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். பாதிச் சண்டைக்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டி வரும் போல.

மில்லைக் கொடுத்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். நனைந்த சாக்கு மாதிரி ஒரு மூலையில். அந்தப் பழைய வேனுக்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து, ஜன்னலுக்கு என் பழைய சேலையைத் திரை தைத்துப் போட்ட அன்றுதான் மனுசனுடைய முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ஆசைதான். ஐம்பத்தெட்டு வயதில் குச்சவெளியில் முழங்கால் வரைக்கும் கடலில் நின்றேன். ஒரு அலை வந்து என்னை உட்கார வைத்துவிட்டது, உன் வாப்பா தூக்கிவிடாமல் போட்டோ எடுத்தார். உனக்கு அனுப்பினாரே, அதுதான். விடியற்காலை ஒரு கடலாமை மணலில் தேத்தண்ணித் தட்டு அளவுக்கு முதுகோடு தண்ணீருக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தோம். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி அதன் பின்னாலேயே நடந்தோம். அந்தச் சந்தோசத்தையும் நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அங்கேயே ஒன்று நடந்தது. வேனுக்கு மேல் நான்கைந்து மயில்கள் ஏறி நின்றுகொண்டு அகவின. அந்தச் சத்தத்தில் நான் கட்டிலில் இருந்து விழாத குறை. இவர் அசையவே இல்லை. கடல் காற்றில் என்ன நிம்மதியான நித்திரை, மாஷா அல்லாஹ் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

பிறகு வாகரை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கி இறங்கிப் பாணமைக்குப் போனோம். அங்கே களப்புக் கரையில் வேனை நிறுத்தினோம். காலை ஏழு மணி இருக்கும். அவர் தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் வேன் வாசலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தோணியில் போன இரண்டு பேர் எழுந்து நின்று, காக்கா, பின்னால முதலை, பின்னால முதலை என்று, சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தினார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி அவர்களுக்கு ஸலாம் சொன்னார். புல்லுக்குள் நான் மரக்கட்டை என்று நினைத்திருந்தது வாயைத் திறந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் கூட இல்லை.

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மீன் போய்விட்டது என்று என்னை ஏசினார். அந்தத் தோணிக்காரர்கள் கத்தியது கேட்கவில்லையா என்று கேட்டேன். காதுக்குள் கடல் தண்ணி போயிருக்கு என்றார். கட்டி முப்பத்தெட்டு வருஷமான புருசன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பொய் சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சீனி டெஸ்ட் எடுப்போம் என்று சாட்டுச் சொல்லி, வரும் வழியில் கல்முனையில் ஒரு காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் வெளியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டக் டக் என்று அமத்தினார். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் கவனித்தேன், மனுசன் டொக்டருடைய கையைப் பார்த்துப் பார்த்து அமத்துகிறார். டொக்டர் கையை அசைத்தால் இவர் அமத்துவார். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி. டொக்டருக்கும் விளங்கிவிட்டது. கதிரையைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உன் வாப்பா பொத்தானை அமத்தவே இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் அவர் டொக்டருடைய முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இடது காதுக்கு மெசின் போட்டால் பேச்சு விளங்கும், ரோட்டுச் சத்தமும் கேட்கும், அது இல்லாமல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை மடித்துப் பையில் போட்டவர் இன்று வரை வெளியே எடுக்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். "வல்லாஹி, பிள்ளைக்கிட்ட வாய் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு ஸரீனா. தெரிஞ்சா றுஸைனா என்னோட பேசுறத விட்டுருவா. உன்னோட பேசிட்டு, வாப்பா எப்படி இருக்காருன்னு உன்னத்தான் கேப்பா."

நான் சத்தியம் பண்ணினேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன செய்ய. வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், கையால் எழுதுவதற்கு என்ன என்று முதலில் என்னையே சமாதானப்படுத்தப் பார்த்தேன். அல்லாஹ்விடம் அந்த வக்கீல் வேலை எல்லாம் எடுபடாது. சத்தியத்தை முறிக்கப் போகிறேன் என்று தெரிந்துதான், அதற்குப் பரிகாரமாக நேற்றே பத்து ஏழைகளுக்குச் சோறாக்கிக் கொடுத்தேன். உன் வாப்பாதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன நேர்ச்சை என்று கேட்டார். யானையிடம் இருந்து தப்பியதற்கு என்றேன். பார், ஒரு சத்தியத்தை முறிப்பதற்குள் ஒரு பொய்.

கேற் திறக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

மகள், சந்தைக்குப் போயிருக்கிறார். யானை விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

அம்பாறையில் இருந்து மகியங்கனை வழியாக வந்தோம். மகியங்கனையிலேயே முன்பக்கத்தில் கீச் கீச் என்று ஒரு சத்தம் தொடங்கியது. என்ன அது என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ம் என்றார். அவருக்குத்தான் தெரியுமே, பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். முந்தின நாள்தான் டொக்டர் சொன்னார், மறுநாளே நான் மறந்துவிட்டேன். பழக்கம் அப்படி. ஹெட்டிபொல தாண்டி, பல்லேகமவுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது பேன் பெல்ட் அறுந்து, வேன் புகை விட்டுக்கொண்டு நின்றது. கேட்கிற காதாக இருந்தால் மகியங்கனையிலேயே இறங்கி மாற்றியிருப்பார்.

இரண்டு பக்கமும் காடு. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வயல், ஒரு மரத்துக்கு மேல் காவல் குடில். அதில் இருந்த சிங்கள ஆள் இறங்கி வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் யானை இந்த ரோட்டைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகும், வேனை விட்டு இறங்க வேண்டாம், ஹோர்ன் அடித்துவிடவும் வேண்டாம், அடித்தால் அதற்குக் கோபம் வரும் என்று நல்ல மாதிரிச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஏறிவிட்டார். பஸ்ஸும் இல்லை. நான் மாத்தளைக்கு நிஸ்தாருக்குப் போன் எடுத்தேன். மில் மெசினைத் திருத்த வருவானே, அதே நிஸ்தார்தான். பல்லேகமவில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் கராஜ் வைத்திருக்கிறார், பெயர் அலியார், பெல்ட்டோடு பைக்கில் அனுப்புகிறேன் என்றான். நான் அவருக்கு முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, அலியார் வருவார் என்றேன். அவர் பெயரை மறக்காமல் இருக்க அலியார், அலியார் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார்.

இனி உனக்கு விளங்கியிருக்கும். சிங்களத்தில் யானைக்கு அலியா.

மணி ஆறு ஆகப் போனது. அஸர் தவறிவிடும் என்று நான் வேனுக்குள் பின்னால் திரையை இழுத்துவிட்டுத் தொழுதுகொண்டிருந்தேன். அவர் முன் சீட்டில். மரத்தில் இருந்து அந்த ஆள் உயிரைக் கொடுத்துக் கத்தினார், "அலியா எனவா! மாத்தயா, அலியா எனவா!" ஐயா, யானை வருகிறது என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. முன்னால் உன் வாப்பா, அந்த ஆளுடைய வாய் அசைந்ததைப் பார்த்திருக்க வேண்டும், சந்தோசமாக, இந்தா அலியார் வந்துட்டார் என்று சொல்வதும், கதவு திறப்பதும், செருப்புச் சத்தம் ரோட்டில் போவதும் கேட்டது.

மகள், இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. நான் ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தேன். தொழுகையை முறிக்கலாமா என்று ஒரு மூச்சு யோசித்தேன். ஒரே ஒரு மூச்சுத்தான். அந்த மூச்சுக்காக இன்னும் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து முன் கண்ணாடியால் பார்த்தேன். ரோடு வளைகிற இடத்தில் மூங்கில் புதர் அசைந்தது. அதற்குள் இருந்து அது வெளியே வந்து நின்றது. ஒற்றை யானை. காது இரண்டையும் விரித்துக்கொண்டு, தும்பிக்கையை மேலே தூக்கிப் பிளிறியது. வேன் கண்ணாடி அதிர்ந்தது. உன் வாப்பா கண்ணாடி போட்டிருக்கவில்லை, எதிரில் மங்கல் வெளிச்சம். ஏதோ ஆள் வருவது மாதிரித்தான் தெரிந்திருக்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு, மில்லில் பேசுகிற அதே குரலில், அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க அலியார், வாங்க என்று சொல்லிக்கொண்டே அதற்கு நேராக நடக்கிறார்.

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கேட்குமா? ஹோர்னில் கை வைத்தேன், அந்த ஆள் சொன்னது நினைவுக்கு வந்து எடுத்துவிட்டேன். அப்போதுதான் கை தானாக லைட் ஸ்விட்சுக்குப் போனது. மில்லில் சாப்பாட்டுக்குக் கூப்பிட என்ன செய்வோம், நினைவிருக்கிறதா? மெசின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று மேல் லைட்டை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவோம். நீயும் ஸ்டூலில் ஏறி நின்று செய்திருக்கிறாய். வேனுடைய முன் லைட்டை இரண்டு தடவை போட்டு அணைத்தேன். கொஞ்சம் விட்டு மறுபடியும் இரண்டு தடவை.

அவருடைய காலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் விழுந்து போனது. திரும்பினார். பெட்ரி இறங்கிவிடும் என்று ஏசுவதற்குத்தான் திரும்பினார், முகத்தில் அந்தக் கோபம் தெரிந்தது. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன், மெசினை நிறுத்து என்று காட்டுகிற மாதிரி. நின்றார். பிறகு என் கையை மூக்குக்கு முன்னால் நீட்டித் தும்பிக்கை மாதிரி ஆட்டினேன். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே வடிந்து போனது. திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வேனை நோக்கி வந்தார். எனக்கு அவரும் தெரிகிறது, அவருக்குப் பின்னால் அதுவும் தெரிகிறது. அது இரண்டு எட்டு எடுத்து வைத்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்க, வாங்க என்று வாயை அசைத்தேன். கடைசி நேரத்துக் கலிமாவையும் சொல்லிக்கொண்டேன், அவருக்கும் சேர்த்து.

மரத்தில் இருந்த ஆள் யானை வெடியைப் பற்ற வைத்து எறிந்தார். அது இவருக்கு வலது பக்கத்தில் வெடித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். யானை திரும்பி, புதரை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது. அவ்வளவு பெரிய வெடி, மகள். உன் வாப்பாவுக்குக் கண் இமை கூட ஆடவில்லை. நான் காதைப் பொத்தியதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்தது என்று குனிந்தார்.

ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டோம். அவருக்குத் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை, நான்தான் திறந்து கொடுத்தேன். பாதிப் போத்தலைக் குடித்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அது சத்தம் போட்டிச்சா?"

ஆம் என்று தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் அவர் சொன்ன கதையில் இந்த இடம் இல்லை.

அரை மணித்தியாலம் கழித்து உண்மையான அலியார் வந்தார். பாவம், நல்ல மனுசன். நான்தான் அலியார் என்று அவர் சொன்னதும் உன் வாப்பா கதவைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. லக்கலவில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு தான் படுகிற பாட்டை அலியார் சொல்லிச் சொல்லி பெல்ட்டைப் போட்டுவிட்டு, பல்லேகம வரைக்கும் எங்களுக்கு முன்னாலேயே பைக்கில் வந்துவிட்டுப் போனார். மாத்தளை வந்து சேரும் வரைக்கும் நான் முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் எந்த லொறி ஹோர்ன் அடித்தாலும் அவருடைய தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன். அந்த மலை ரோட்டில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும். ஒரு தட்டு தவறினால் போதும்.

இப்போது சனிக்கிழமை குச்சவெளி, பிறகு புல்மோட்டை என்று நிற்கிறார். வேனைக் கழுவி, காஸ் நிரப்பி, எனக்குக் கடலில் இறங்குவதற்கு என்று ஒரு ரப்பர் செருப்பும் வாங்கி வந்துவிட்டார். டொக்டர் துண்டைப் பற்றிப் பேசினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். திருப்பிவிட்டால் முடிந்தது, என் உதடு தெரியாவிட்டால் அவருக்கு நான் பேசுவதே இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவருக்கு வேனும் கடற்கரையும் வேண்டும், எனக்கு அவர் வேண்டும்.

வேனை விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை, மகள். அதை விற்றால் அவர் மறுபடி அந்த மூலைக்குப் போய்விடுவார். காதில் மெசினைப் போடட்டும், அது பழகும் வரைக்கும் நிஸ்தார் ஓட்டட்டும். நிஸ்தாரிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றான். அதைச் சொல்ல வேண்டியவள் நீ. நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் சொல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வந்ததும் வீடியோவில் எடு. வெளிச்சம் உன் முகத்தில் படுகிற மாதிரி உட்கார். முதலில் ஸலாம் சொல், அது எந்த உதட்டில் வந்தாலும் அவருக்கு விளங்கும். கையை வாய்க்கு முன்னால் கொண்டு போகாதே, பிள்ளையைப் பார்த்துத் திரும்பித் திரும்பிப் பேசாதே. கத்தவும் வேண்டாம், கத்தினால் உதடு கோணிவிடும். என்னைக் கூப்பிடாதே. உம்மா எங்கே, உம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவரோடேயே பேசு. அவர் பயப்படுவது அந்த யானைக்கோ முதலைக்கோ இல்லை.

யார் சொன்னது என்று கேட்டால் உம்மா சொன்னாள் என்றே சொல். ஏசட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

இன்று முற்பகல் முன் வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வேன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேற்றுக்கு வெளியே யாரோ ஆண் ஆட்கள் போனார்கள். நான் முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டேன். உன் வாப்பா உடனே எழுந்தார். கையைத் தட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பைப்படிக்குப் போய்த் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுழூ செய்யத் தொடங்கிவிட்டார். மணி பதினொன்று கூட ஆகவில்லை. லுஹருக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது.

எனக்குப் புடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பெண்கள் நாங்கள் தலையை மூடுவோம் அல்லவா? அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு காலமாக என்று தெரியாது. பாங்குச் சத்தம் கேட்டு ஓடுகிறார் என்றல்லவா நான் இத்தனை நாளும் பெருமைப்பட்டேன். வீட்டில் இருக்கிற நேரம் எல்லாம் என் தலையைப் பார்த்துத்தான் மனுசன் தொழுகைக்குப் போயிருக்கிறார்.

நேரம் இன்னும் ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனவர் வெறும் பள்ளியில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். திரும்பி வந்து, இன்றைக்கு எல்லோரும் பிந்தித்தான் வந்தாங்க என்று எனக்குச் சொன்னார்.

சந்தையில் இருந்து வருகிற நேரம் ஆகிவிட்டது. முடிக்கிறேன்.

உன் வீட்டில் பரக்கத் நிறையட்டும், பிள்ளைக்கு நீண்ட ஹயாத்தும் நல்ல கண்ணும் நல்ல காதும் கிடைக்கட்டும். எனக்காக ஒரே ஒரு துஆ கேள், மகள். அவருக்கு முதல் என்னை எடுத்துவிட வேண்டாம் என்று அல்லாஹ்விடம் கேள். அவருக்குப் பிறகு எனக்கு ஒரு நாள் இருந்தால் போதும்.

உன் உம்மா,
ஸரீனா மீராசாஹிப்.